நான்கு பேர் இருந்த அறை

காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் இறங்கியபோது பகல் பன்னிரண்டு மணி. 2003 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. நான் ஒரு சிறிய வேதாகமப் பள்ளியில் பண்டைய யூதர்களின் வரலாறு சொல்லிக்கொடுப்பவன். எருசலேம் இடிந்ததையும் அவர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனதையும் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அதே கதையைத் தன் வீட்டுக் கூட்டத்தில் வந்து பேசும்படி அழைத்திருந்தான் என் மனைவியின் தம்பி அருள்தாஸ்.

லிங்கராஜபுரம் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் கன்னடத்தில் ஐம்பது கேட்டார். நான் தமிழில் நாற்பது என்றதும் அவரும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"நம்ம ஆளா? ஏறுங்க சார். நான் ஒக்கலிபுரம். ஆனா ரோட்ல கன்னடத்துல கேட்டுப் பழகிக்கங்க."

"இப்பவும் பயமா?"

"பயம்லாம் இல்ல சார். தொண்ணூத்தொண்ணுக்கு அப்புறம் வாய் தானா அப்படி வருது."

அந்த வருட டிசம்பரில், காவிரித் தண்ணீருக்காக இந்த ஊரில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். அருள்தாஸ் குடும்பம் அப்போது மைசூர் ரோடு பக்கம் இருந்தது. அவன் தம்பி சாமுவேல் தமிழ்நாட்டு நம்பர் போட்ட வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அதை எங்காவது மறைத்துவிட்டு வருகிறேன் என்று போனான். எரிந்த வேன் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. மற்ற நாலு பேரையும், அதாவது அருள், அவன் மனைவி மேரி, பத்து வயது மகள் ஷீலா, சாமுவேலின் மனைவி ரோஸி ஆகியோரைப் பக்கத்து வீட்டுக் கிரிஜம்மா தன் ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்துக் காப்பாற்றினார். கிரிஜம்மா கன்னடக்காரர். இரண்டு நாள் கழித்து வெளியே வந்தவர்கள் அந்தத் தெருவையே விட்டு லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்துவிட்டார்கள்.

வீட்டில் சிவாஜிநகர் சந்தையில் வாங்கிய கறியின் வாசனை வாசல் வரை வந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் அருள் என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனான்.

"மாமா, பாபிலோன்ல இருந்து திரும்பி வந்தவங்க, வேற ஜனத்துல பொண்ணு கட்டினவங்களை, அந்தப் பொண்டாட்டிகளைத் தள்ளி வைக்கச் சொன்னாங்கல்ல? அதை இன்னைக்கு அழுத்திச் சொல்லணும்."

"எதுக்கு?"

"ஷீலா கிரிஜம்மா பையன் மஞ்சுவைத்தான் கட்டுவேன்னு நிக்கிறா. நீங்க சொன்னா கேப்பா."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "அந்தம்மா இல்லாட்டி இன்னைக்கு நீ எனக்குக் கறி போட்டிருப்பியாடா?"

"நன்றி வேற, சம்பந்தம் வேற மாமா. என் தம்பியைக் கொளுத்தினவனும் அந்தப் பாஷைதான் பேசினான்."

மாடியிலிருந்து இறங்கி வந்தபோது கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த சாமுவேலின் படத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆறரை மணிக்கு ஐந்தாறு குடும்பங்கள் வந்து பாயில் உட்கார்ந்தன. எல்லாம் அந்தக் கலவரத்தில் அடிபட்டவை. அருள் கேட்டதை நான் மறைக்காமல் சொன்னேன்: ஊரும் கோயிலும் போன ஜனம், பெயராவது மிஞ்சட்டும் என்று பயந்து தன்னைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டது. மற்றதையும் சொன்னேன். அந்நியப் பெண்ணைக் கட்டிய ஆண்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்தவர்கள், துரத்தப்பட்ட பெண்களில் ஒருத்தியின் பெயரைக்கூட எழுதவில்லை. அதே ஜனம் கொண்டாடுகிற ராஜாவின் வம்சத்திலேயே மோவாப் என்ற அந்நிய தேசத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஷீலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு விளக்கை அணைத்தார்கள். வருடா வருடம் இந்த ஒரு இரவு மட்டும் இவர்கள் அடுப்பு மூட்டுவதில்லை. அந்த ஸ்டோர் ரூமில் தின்றதுபோலத் தண்ணீரில் நனைத்த அவலை இருட்டில் தின்றுகொண்டு, நடந்ததை ஆளுக்கு ஒரு பங்காகச் சொல்கிறார்கள். முதலில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை சொல்ல வேண்டும். அருளின் கடைக்குட்டி ஜென்னிக்கு ஆறு வயது.

"அந்த ரூம்ல நாங்க நாலு பேர் இருந்தோம்," என்றாள். "கர்த்தர் எங்களுக்கு அவல் அனுப்பினார்."

கலவரம் நடந்து ஆறு வருடம் கழித்துப் பிறந்தவள் அவள். எகிப்தைக் கண்ணால் பாராத யூதப் பிள்ளைகள் வருடாந்திரப் பண்டிகையில் 'நாங்கள் அங்கே அடிமைகளாக இருந்தோம்' என்று சொன்னதை எத்தனை வருடம் வகுப்பில் சொல்லியிருப்பேன். இப்போதுதான் காதால் கேட்டேன்.

அருள் தம்பியைப் பற்றிச் சொன்னான். இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவனால் முடியவில்லை. அடுத்தது ஷீலா.

"அவலைக் கொண்டாந்தது கிரிஜம்மா," என்றாள். "கதவைக் கொஞ்சமாத் திறந்து, மாத்தாட பேடி, பேசாதீங்கன்னு வாயில விரல் வச்சுக் காட்டினாங்க. கும்பல் வந்து கேட்டப்ப, தன் புள்ளை தலைமேல கை வச்சு, இங்க யாரும் இல்லன்னு சத்தியம் பண்ணாங்க. அந்தப் புள்ளை மஞ்சு."

மூலையிலிருந்து ரோஸியின் குரல் மட்டும் வந்தது. "ஆமா. கிரிஜம்மாதான்."

"ஜென்னி," என்றான் அருள், இருட்டில். "நீ சொல்லும்மா."

"கர்த்தர் எங்களுக்கு அவல் அனுப்பினார்."

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். விளக்கைப் போட்டபோது ஷீலா தன் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை நான் எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. மஞ்சுவின் வீட்டுக்குப் போகிறேன், தேட வேண்டாம் என்று அம்மாவிடம் நேரிலேயே சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். மேரி அழுதுகொண்டே எனக்கு இட்லி கட்டினாள். கண்டோன்மென்ட் வரை அருள் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான்.

பிளாட்பாரத்தில் நானே ஆரம்பித்தேன். "போய்க் கூட்டிட்டு வாடா. அவ உன் பொண்ணு."

"வேணாம் மாமா."

"அடுத்த வருஷம் அவ பங்கை யார் சொல்லுவா?"

ரயில் வந்து நின்றது. அவன் என் பையை உள்ளே வைத்து, ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்து, கீழே இறங்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கண் சிவந்திருந்தது. இரவெல்லாம் அழுதிருப்பான்.

"அவ பங்கே இருக்காது மாமா," என்றான். "அந்த ரூம்ல மூணு பேர் இருந்தோம்னு ஜென்னிக்குச் சொல்லிக்கொடுத்துருவேன்."