நெஞ்சில் விட்டுப்போன கட்டங்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வெட்கம்தான் சாவகாசமாக வரும். இந்தத் தடவை இரண்டு வாரம் கழித்து வந்தது. வந்தது இன்னும் போகவில்லை. எழுதி வைத்தால் போய்விடும் என்று நம்பி எழுதவில்லை, போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் ஒரு கடையில் நான் கட்டம் பார்க்கிறவன். முந்தியில் வரும் மயிலும் யானையும் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் பிறக்கும். நிறம் அடித்த கட்டத்தில் ஜரிகை சேலையின் மேல்பக்கம் தெரியும், வெறும் கட்டத்தில் பின்பக்கம் போய்விடும். வெறும் கட்டங்கள் வரிசையாக நீண்டுவிட்டால் இழை பிடிப்பில்லாமல் பின்னால் தொங்கும். சேலை கட்டுகிறவளின் வளையலில் மாட்டி அறுந்துபோகும். அதனால் நடுநடுவே ஒரு புள்ளி வைத்து இழையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அப்படி விட்டுப்போன இடங்களைக் கண்டுபிடித்து, சிவப்பு மையில் வட்டம் போட்டு, புள்ளி வைத்து அனுப்புவதுதான் என் வேலை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். இருந்தாலும் பெரிய தாளில் அச்செடுத்து என் மேசைக்குத்தான் கொண்டுவருவார்கள். கம்ப்யூட்டர் கோட்டை விட்டதைக்கூட நான் பிடித்துவிடுவேன் என்று கடையில் பேச்சு. அந்தப் பேச்சில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

என் மனைவிக்கும் இதே வேலைதான், வீட்டில் இருந்தபடி. பழைய சேலையைக் கொண்டுவந்து இதே மாதிரி வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சேலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இழை இழையாக எண்ணி, தாளில் கட்டம் அடித்துக் கொடுப்பாள். என்னைவிடப் பொறுமைசாலி. நான் அதை அவளிடம் சொன்னதில்லை.

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. தலை வாருவது என்றால் தெருவே கூடும்படி கத்துவாள். அதற்காகத்தான் என் மனைவி பறக்கிற அக்காவை உண்டாக்கினாள். தினமும் காலையில், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் முன், இரட்டைப் பின்னல் முடியும் வரைக்கும் ஒரு கதை. நான் முன்னறையில் காபி குடித்துக்கொண்டே கேட்பேன்.

பறக்கிற அக்கா பச்சைச் சேலையும் அரக்கு பார்டருமாக இருப்பாள். பறக்கும்போது முந்தியை இழுத்துச் செருகிக்கொள்வாள். ஊரில் எந்தத் தறியில் இழை அறுந்தாலும் அந்தச் சத்தம் அவள் காதில் விழும். அதுதான் அவளுடைய சக்தி. உடனே பறந்து போய் முடிச்சுப் போட்டுவிட்டு வருவாள். போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் சேற்றில் சிக்கிய ஆட்டோவைத் தூக்கி விடுவாள், மழையில் நின்றுபோன தேரை ஒரு கையால் நிலைக்குத் தள்ளுவாள். மகள் சிரித்துச் சிரித்துத் தலையை ஆட்டி, பின்னலைக் கெடுத்து, திட்டு வாங்குவாள். வேண்டாத கட்டத் தாள்களின் பின்பக்கத்தில் என் மனைவி அந்த அக்காவைப் படமாகவும் வரைந்து கொடுப்பாள். ஒரு வருடம் போல இப்படி நல்லபடியாகப் போனது.

அப்புறம் எங்களுடைய இரண்டாவது குழந்தை ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது.

என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சொந்தக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். "இன்னும் வயசு இருக்குது, ஏம்மா கவலைப்பட்டுக்கினு" என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அதில் என் குரலும் இருந்தது. ஒரு மாதம் ஓய்வு எடுக்கட்டும் என்று விட்டேன். அப்புறம் வேலையைக் கொண்டுவந்து கொடுத்தேன், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. கை ஓடிக்கொண்டே இருந்தால் மனசு ஆறிவிடும் என்பது என் வைத்தியம். அவளைக் கேட்டுக் கொடுக்கவில்லை.

அவள் அழவில்லை. அதனால் சரியாகிவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் கதையில் பறக்கிற அக்கா மாறத் தொடங்கினாள்.

அறுகிற சத்தம் அவள் காதில் ஓயாமல் கேட்டது. ஒன்றை முடிச்சுப் போட்டு நிமிர்ந்தால் இன்னொன்று. காதைப் பொத்தினாலும் கேட்டது. ஒருநாள் அவளால் முடியாமல் போய், ஏகாம்பரநாதர் கோபுரத்தின் மேல் ஏறி, கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கீழே ஜனங்கள் கூடிவிட்டார்கள்.

"காதுல விழலையா அவங்களுக்கு?" என்றாள் மகள்.

"எல்லாம் விழுது. எழுந்துக்க முடியல."

"அப்போ ஜனங்க இன்னா சொன்னாங்க?"

"பாரு திமுர, கோபுரத்து மேலயே ஏறி உட்கார்ந்துக்கினா, அதுவும் செருப்போடன்னு சொன்னாங்க."

மகள் சிரித்தாள். முன்னறையில் நானும் சிரித்தேன். என் மனைவி சிரித்தாளா என்று எட்டிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மகள் ஒரு தாளை என்னிடம் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். இந்தத் தடவை என் மனைவி பின்பக்கத்தில் வரையவில்லை. முன்பக்கத்தில், கட்டம் கட்டமாக, சேலைக்கு அடிப்பது போலவே பறக்கிற அக்காவை அடித்திருந்தாள். பச்சைச் சேலை, அரக்கு பார்டர், பறக்கிற கூந்தல், ஒரு கட்டம் பிசகவில்லை. நெஞ்சுப் பகுதியில் மட்டும் முப்பது நாற்பது கட்டங்கள் வெள்ளையாக இருந்தன.

வேறு யாராக இருந்தாலும் இது என்ன என்று கேட்டிருப்பார்கள். மகள்கூடக் கேட்கத்தான் கொண்டுவந்தாள். நான் கட்டம் பார்க்கிறவன். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வெள்ளையைச் சுற்றி வட்டம் போட்டேன். உள்ளே எட்டு இடத்தில் புள்ளி வைத்தேன். ஓரத்தில் "பிடிப்பு இல்லை, கவனம்" என்று கடையில் எழுதுவது போலவே எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். போனை எடுத்துப் படம் பிடித்து, கடையின் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். "எங்க வீட்டு சூப்பர்ஹீரோவுக்கே நெஞ்சு விட்டுப்போச்சு. கரெக்‌ஷன் போட்டாச்சு" என்று கீழே எழுதினேன்.

கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. "அண்ணியையும் விடலையா நீ" என்று ஒருவன் எழுதினான். அன்று முழுக்க எனக்குக் குஷி.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களும் அந்த குரூப்பில் உண்டு. என் மனைவியும் உண்டு. அது எனக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தும் போட்டேன், ஏனென்றால் அதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து, பறக்கிற அக்கா விழுந்தாள்.

வழக்கம் போல காலை, வழக்கம் போல சீப்பு. கோபுரத்தின் மேல் உட்கார்ந்திருந்த அக்காவின் கை நழுவிவிட்டது என்று என் மனைவி சொன்னது முன்னறைக்குக் கேட்டது.

"அவங்கதான் பறப்பாங்களே!"

"பறக்கறதே மறந்துபோச்சு."

"கீழ யாரும் புடிக்கலையாம்மா?"

"எல்லாரும் போன்ல படம் எடுத்துக்கினு இருந்தாங்க. கை காலியா இல்ல."

"விழுந்தப்போ அவங்களுக்கு வலிச்சுதாம்மா?" என்றாள் மகள். சீப்பு கீழே வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு எரிச்சல் வந்தது. எழுந்து போய் வாசற்படியில் நின்றேன். "கொழந்தைகிட்ட சொல்ற கதையா இது? விழறவள எவனாவது போட்டோ எடுப்பானா? நம்ம ஊர்ல அப்படிப்பட்ட ஆளுங்களே கெடையாது" என்று கத்தினேன்.

அவள் மகளின் தலைக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கெடையாதுங்களா?" என்றாள்.

"கெடையாது."

"சரிங்க" என்றாள். ரிப்பனைக் கட்டி முடித்தாள்.

அந்தப் பார்வையை நான் அப்போது படித்திருக்கலாம். ஆயிரம் கட்டங்களில் ஒரு கட்டம் பிசகினால் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. மூன்றடி தூரத்தில் ஒரு முகம் இருந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த வாரத்திலேயே ஒருநாள், யாரோ கொடுத்த கல்யாணச் சேலையை மடியில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தவள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "எண்ணிக்கை வரலைங்க" என்றாள். மறுபடி எண்ணு என்றேன். மறுபடி எண்ணினாள். மூன்று தடவை அப்படிச் சொன்னேன். மறுநாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாப்பிடு என்றால் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய அண்ணன் முசரவாக்கத்திலிருந்து வந்தார். அவளைப் பார்த்துவிட்டு ஆட்டோ கூப்பிட்டார்.

"மனசு சரியில்லன்னா ஆஸ்பத்திரிக்கா போவாங்க? கோயிலுக்குக் கூட்டிக்கினு போலாம்" என்று நான் சட்டம் பேசினேன்.

"மாப்ள, நீங்க கொஞ்சம் நகுருங்க" என்றார். அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

இது நோய்தான், முன்னாலேயே கூட்டி வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்தாராம். நான் கூடப் போகவில்லை, அதனால் 'ஆம்' போட்டு எழுதவேண்டியிருக்கிறது. அங்கிருந்து அவளைத் தாய்வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டார். மகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் என்னோடு இருந்தாள்.

தலை வாரும் வேலை என்னிடம் வந்தது. ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்துக்குக் கீழே. மகள் கத்தவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். அதுதான் பயமாக இருந்தது. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ நானே கதையை எடுத்தேன். "அப்புறம் இன்னா ஆச்சு தெரியுமா? பறக்கிற அக்கா டக்குனு எழுந்து, சேலைய ஒதறிக்கினு..."

"நீ சொல்லாதப்பா" என்றாள்.

"ஏம்மா?"

"நீதானே போட்டோ எடுத்தே."

கோபத்தில் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். ரிப்பன் என் கையிலேயே இருந்தது. அவள் அதை வாங்கித் தானே கட்டிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போனை எடுத்து குரூப்பில் மேலே மேலே தள்ளிப் போனேன். படம் அங்கேயே இருந்தது. பச்சைச் சேலை, வெள்ளை நெஞ்சு, என் சிவப்பு வட்டம், கீழே சிரிக்கிற முகங்கள். யார் யார் பார்த்தார்கள் என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். முதல் பெயரே என் மனைவியுடையது. நான் போட்ட அடுத்த நிமிடமே பார்த்திருக்கிறாள். அப்போது அவள் எனக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து வந்து தட்டில் தோசையைப் போட்டாள், நான் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். கூசிப்போய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழித்துவிடலாம் என்று பார்த்தேன், நாள் கடந்துவிட்டதால் என் போனிலிருந்து மட்டும்தான் அழிக்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளை வண்டியில் உட்கார வைத்து முசரவாக்கம் போனேன். வழி நெடுகப் பேச வேண்டியதை மனசுக்குள் அடுக்கினேன். தெரியாமல் செய்துவிட்டேன், விளையாட்டுக்குப் போட்டேன், கடைப் பழக்கம், மன்னித்துவிடு. அடுக்க அடுக்க எல்லாமே என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சாகவே இருந்தது.

என் மனைவி பின்கட்டில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். மகள் ஓடிப் போய் மடியில் விழுந்தாள். அவளைத் தடவிக் கொடுத்துக்கொண்டே, கோணல் பின்னலைப் பார்த்துக்கொண்டே, "சாப்ட்டீங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

அடுக்கி வைத்தது எல்லாம் போய்விட்டது. என் வாயில் வந்தது மகள் அன்றைக்குக் கேட்ட கேள்விதான்.

"வலிக்குதாம்மா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள், பிறகு இன்னொரு கையை. எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. போன் இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று புரிந்தபோது, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன், திருட்டில் அகப்பட்டவன் காட்டுவது போல.

"வலிக்குதுங்க" என்றாள்.