மலாவி போய் வந்த நர்ஸுக்கு ஹட் பேயில் கிடைத்த பாடங்கள்

பிரசவ வார்டு நர்ஸுக்கு ஊரில் பாதிப் பிள்ளைகளின் பிறந்தநாள் தெரியும். சொந்தப் பிள்ளையின் பள்ளிக்கூட விழா என்றைக்கு என்று தெரியாது.

ஹட் பே என்ற தீவு ஊரில், இரண்டே நர்ஸ்கள் உள்ள ஒரு சின்னப் பிரசவ விடுதியில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். போன வருஷம் லீவு போட்டுவிட்டு, ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக் கிராமம் ஒன்றுக்கு மூன்று மாதம் தொண்டு செய்யப் போனேன். அங்கே கற்றதைவிடத் திரும்பி வந்து கற்றதுதான் அதிகம். நீங்களும் இப்படிப் போய் வந்தவர் என்றால் உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும். வெட்கப்படாமல் படியுங்கள்.

மாலை

வந்த வாரமே ஊர்ச் சங்கத்தில் பாராட்டுக் கூட்டம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த சாமந்தி மாலை போட்டார்கள். முக்கால் மணி நேரம் பேசினேன். அங்கே ஒரே ஒரு நர்ஸ் ஒரு வார்டு முழுவதையும் பார்க்கிறாள் என்று சொன்னபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எங்கள் விடுதியின் இன்னொரு நர்ஸ் லட்சுமி, ஸ்ரீகாகுளத்துக்காரி, டியூட்டி உடுப்போடு கடைசி வரிசையில் இருந்தாள். இறங்கிப் போய், "எப்படிப் பேசினேன்?" என்றேன். அவள் முகத்தில் கோபமே இல்லை. "அச்சா பேசினீங்க அக்கா. நீங்க போன மூணு மாசம் இங்கயும் ஒரே நர்ஸ்தான்."

நடை

புஷ்பம், பழைய எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக் குடியிருப்பில் இருப்பவள். சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். ஏழாம் மாதம். செக்-அப்புக்கு ஒரு வாரம் தாமதமாக வந்தாள். "மலாவியில பொம்பளைங்க பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து வர்றாங்க. உங்களுக்கு பஸ் இருந்தும் வர முடியலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் அவள் காலைப் பார்த்தேன். கெண்டைக்கால் வரை சேறு. மழையில் சிறுபாலம் இடிந்தது எனக்குத் தெரியாது. அவள் நிதானமாகத்தான் சொன்னாள்: "பஸ் நின்னு எட்டு நாளாச்சு சிஸ்டர். நாங்களும் நடந்துதானே வாறோம். எங்களப் பாக்க யாரும் பிளேன் ஏறி வரல்லையே."

தரையில்

அதற்குப் பிறகு வாரம் ஒரு நாள் நானே அந்தக் குடியிருப்புக்கு நடந்து போனேன். ஒன்பதாம் மாதம் ஒரு காலையில் புஷ்பம், "பிள்ளை அசையல்ல சிஸ்டர்" என்றாள். வயிற்றில் கருவி வைத்துக் கேட்டேன். வேறு இடத்தில் வைத்தேன். மறுபடியும் வைத்தேன். துடிப்பு இல்லை. விடுதிக்குக் கூட்டி வந்தோம். டாக்டர் பார்த்தும் அதையே சொன்னார். அன்று சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று.

"அடுத்த வருஷமே ஒண்ணு பொறக்கும், அழாதே" என்று உறவுக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினாறு வருஷமாக நானும் அதையேதான் சொல்லி வந்தேன். மலாவியில் இதே மாதிரி ஒரு தாய். பாஷை தெரியாமல் நான் விழித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்த ஆயா கிரேஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பொழுது சாயும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதைக் கூட்டத்தில் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது புஷ்பத்தின் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, "மூக்கு யார் மாதிரி?" என்றாள். "உன்னை மாதிரியேதான். தலை நிறைய முடி" என்றேன். அதன் பிறகுதான் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

நாற்பது நாள் கழித்துக் காட்ட வந்தவள், போகும்போது வாசலில் நின்றாள். "எல்லாரும் அடுத்த பிள்ளையப் பத்திப் பேசினாங்க. நீங்க மட்டும்தான் சிஸ்டர், இந்தப் பிள்ளையப் பத்திப் பேசினீங்க."

மூன்று விமானம் மாறிப் போய் நான் கற்று வந்த ஒரே வித்தை பக்கத்தில் சும்மா உட்காருவதுதான். அதுவும் இன்னும் முழுசாகக் கைவரவில்லை.