பெரிய வியாழனுக்கு ஒரு தொகுதிப் பங்கீடு

எங்கள் கோவிலில் புனித வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் அன்று பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவிவிடுவார்கள். ஆண்டவர் இயேசு தம் சீடர்களுக்குக் கழுவினாரே, அதன் நினைவாக. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போட்டிருக்கும். சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டுக் கழுவித் துடைப்பார். அதற்கு வெந்நீர் போடுவது என் வேலை. குன்னூருக்கு மேலே எங்கள் தோட்டத்தில் ஏப்ரல் மாதத்திலும் சாயங்காலத் தண்ணீரைத் தொட்டால் விரல் விறைக்கும். கோவிலுக்குப் பின்னால் கல் கூட்டி, கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை எரித்துக் காயவைத்து, பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்துத்தான் உள்ளே அனுப்புவேன். யார் கண்ணிலும் படாமல் செய்கிற வேலை. எனக்கு அதுதான் பிடிக்கும்.

அந்த வருஷம் தவக்காலமும் தேர்தலும் ஒன்றாக வந்துவிட்டன. என் மூத்த மகன் ஒரு கட்சிக்குக் கிளைச் செயலாளர். என் வீட்டுக்காரரின் தம்பி, அதாவது என் கொழுந்தன், எதிர்க்கட்சிக்குக் கிளைச் செயலாளர். இருவர் வீடும் தோட்டத்து வீட்டு வரிசையில் ஒரே லைனில், நடுவில் ஒற்றைச் சுவர். இந்தப் பக்கம் மகன் தும்மினால் அந்தப் பக்கம் கொழுந்தனுக்குக் கேட்கும். ஆனால் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணம், பஸ் நிற்கிற முக்கில் இருக்கும் கொடிக்கம்பம். மகன் கட்சிக் கம்பம் கொழுந்தன் கட்சிக் கம்பத்தைவிட ஒரு அடி உயரமாக இருந்தது. கொழுந்தன் தன் கம்பத்தை இரண்டு அடி உயர்த்தினார். மகன் மறுபடி உயர்த்தினான். கடைசியில் மின்சாரக் கம்பி தட்டுகிறது என்று லைன்மேன் வந்து இரண்டையும் அறுத்துவிட்டுப் போனார். அன்றோடு பேச்சு நின்றது.

இடையில் தபால்காரி நான்தான். "அண்ணி, உங்க மகன்கிட்டச் சொல்லுங்க, டேங்க் மூடியத் தொறந்தே போட்டிருக்கான்னு." மகன் அங்கேயே மூன்றடி தள்ளித்தான் நிற்பான். "அம்மா, சித்தப்பாகிட்டச் சொல்லு, மூடி ஒடஞ்சு கெடக்குதுன்னு." இருவர் சொல்வதும் இருவருக்கும் கேட்கும். ஆனாலும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் இந்த மகனைத் தோளில் வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் குடில் பார்க்கக் கூட்டிப் போனவர் அந்தக் கொழுந்தன்தான். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றுதான் அந்தத் தவக்காலம் முழுவதும் செபம் செய்தேன்.

வழக்கமாகப் பன்னிரண்டு பேரையும் உபதேசியார் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பார். அந்த வருஷம் கூட்டம் அதிகமாக வரும், செல்போனில் படம் எடுப்பார்கள் என்று தெரிந்ததும் இரண்டு கட்சியிலிருந்தும் பட்டியல் வந்துவிட்டது. குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் அறையில் பேச்சுவார்த்தை. நான் டீ கொண்டுபோனேன். ஆறுக்கு ஆறு என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பீடத்தை ஒட்டிய முதல் நாற்காலி யாருக்கு என்பதில்தான் சிக்கல். இரண்டு பட்டியலிலும் முதல் பெயர் செயலாளருடையது.

"ஆண்டவரு ஐயாயிரம் பேருக்கு அப்பம் குடுத்தாருங்க சாமி," என்றான் மகன். "நீ எந்த ஊரு, எந்தச் சாதின்னு கேட்டாரா? அது அப்படியே எங்க கட்சித் திட்டம்."

கொழுந்தன் அவனைப் பார்க்காமல் சாமியாரைப் பார்த்தார். "பன்னண்டு கூடை மிச்சமாச்சே, அது யாரு ஊட்டுக்குப் போச்சுன்னு கேளுங்க சாமி."

"எடுத்து வச்சவங்க சீடருங்க. சாமி, அவருகிட்டச் சொல்லுங்க."

"கோயில்ல கடை போட்டவங்களச் சாட்டையால வெரட்டுனாரு. ஊழல் ஒழிப்புன்னா அது. நாங்க அதத்தான் மேடைக்கு மேடை சொல்றோம்."

"மேசையக் கவுத்ததுக்கு இப்பன்னா கேஸ் போட்டிருப்பாங்க. யாரு ஆட்சியில போட்டிருப்பாங்கன்னும் கேளுங்க சாமி."

சாமியார் டீயை ஒரு வாய் குடித்தார். "ஆண்டவரே வந்து கேட்டாலும் நீங்க ரெண்டு பேரும் சீட்டு குடுக்க மாட்டீங்கப்பா. கழுதை மேல பிரச்சாரத்துக்கு வர்றவருக்கு எந்தக் கட்சியில குடுப்பாங்க?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, புதன்கிழமைக்குள் முடிவு செய்யாவிட்டால் இந்த வருஷம் கால் கழுவுகிற சடங்கே கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

இப்படி நின்றுபோனால் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள். பிறகு என் காலம் முழுவதும் தபால்தான்.

அப்போது எனக்கு இரண்டு படங்கள் ஞாபகம் வந்தன. மகனின் கட்சித் தலைவர் மேட்டுப்பாளையம் வந்தபோது இவன் வேன் பிடித்துப் போய் அவர் காலில் விழுந்தான். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். படத்தில் தலைவரின் செருப்பும் இவன் முதுகும்தான் தெரியும். கொழுந்தன் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. அங்கே அவர் முதுகு. கட்சியில் தொண்டர்கள் தலைவர் காலில் விழுகிறார்கள். ஆண்டவர் தலைவராக இருந்துகொண்டு தொண்டர்கள் காலில் குனிந்தார். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். இருந்தாலும் இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது.

நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. அன்று தட்டைப் பார்த்துக்கொண்டே எப்படியோ சொல்லிவிட்டேன். "ஏனுங்க சாமி, அன்னைக்கு ஆண்டவரு உக்காந்திருக்கலீங்களே. கழுவுனாருங்க. கழுவறதுக்கு யாருமே பேரு குடுக்கலீங்க."

டம்ளரை எடுக்கக்கூட நிற்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் சாமியார் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குதும்மா. இந்த வருஷம் நான் பக்கத்துல நின்னுக்கறேன். செயலாளருங்க ரெண்டு பேரும் சேந்து கழுவட்டும். ஒருத்தர் ஊத்தணும், ஒருத்தர் தொடைக்கணும்."

"சரிங்க சாமி."

"அவங்க ரெண்டு பேரும் எந்திரிச்சதால ரெண்டு நாற்காலி காலி. கடைசி நாற்காலி மணியடிக்கறவருக்கு. மொத நாற்காலி உங்களுக்கு."

"ஐயோ சாமி, வேண்டாங்க."

"வாயத் தொறந்தது நீங்கதானே?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

முப்பது வருஷம் கொழுந்து பறித்த கால் என்னுடையது. குதிகாலில் ஐந்து ரூபாய்க் காசு சொருகலாம், அவ்வளவு வெடிப்பு. அந்த நான்கு நாளும் கல்லில் தேய்த்து, விளக்கெண்ணெய் போட்டுப் பார்த்தேன். கால் பளபளவென்று ஆனது. வெடிப்பு அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் கோவில் நிறைந்திருந்தது. வெந்நீரைக் காயவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். நாற்காலி நுனியில்தான். பெஞ்சில் இருந்த எங்கள் லைன் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். இருவரும் கட்சிக்கரை வேட்டியில் வந்து நின்றார்கள். சாமியார் ஆளுக்கொரு பெரிய வெள்ளைத் துண்டைக் கொடுத்து இடுப்பில் கட்டச் சொன்னார். கரை மறைந்துவிட்டது. கொழுந்தன் என் முன்னால் மண்டியிட்டு, என் வலது காலைத் தூக்கித் தட்டில் வைத்தார். எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகன் செம்பைச் சாய்த்தான்.

தண்ணீர் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். வருஷாவருஷம் பச்சைத் தண்ணீர் கலக்கிறவள் நான். அன்று நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால் யாரும் கலக்கவில்லை. மகன் அடுப்பிலிருந்து அப்படியே கொண்டுவந்துவிட்டான்.

"டேய், சுடுதுடா," என்றார் கொழுந்தன், நேராக அவன் முகத்தைப் பார்த்து. "பச்சத்தண்ணி கலக்கணும்னுகூடத் தெரியாதா?"

"தெரியலீங்க சித்தப்பா. எவ்வளவு கலக்கறது?"

"பாதிக்குப் பாதி. போய்க் கொண்டா. உங்கம்மா கால அவிச்சுறாத."

முன் பெஞ்சுக்குக் கேட்டிருக்கும். சிரிப்புச் சத்தம் கோவில் வாசல்வரை போனது. சாமியார் பூசைப் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மகன் ஓடிப்போய் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் தூக்கிவந்தான். கலந்து, தன் கையை விட்டுப் பார்த்து, "இப்பப் பாருங்க சித்தப்பா," என்று செம்பை நீட்டினான். அவரும் விரலை விட்டுப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகு பதினோரு பேருக்கும் "ஊத்து", "போதும்", "துண்டு நனஞ்சிருச்சு, வேற எடு" என்று ஒரே பேச்சுதான். அதற்கு முன்னால் என் குதிகால் வெடிப்பைத் துடைத்தபோது கொழுந்தன் மட்டும் மெதுவாக, "எரியுதுங்களா அண்ணி?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். உண்மையில் எரிந்தது.

பூசை முடிந்து சரிவில் இறங்கும்போது இருவரும் எனக்கு முன்னால் நடந்தார்கள். எங்கள் தோட்டத்து ரோட்டை எந்த ஆட்சி போட்டது, எந்த ஆட்சி பெயர்த்தது என்று சண்டை. கை நீட்டி, குரல் உயர்த்தி, நேருக்கு நேர். லைன் முனை வந்தும் நிற்கவில்லை. கொழுந்தன் வீட்டு வாசலில் நின்று பேசினார்கள், பிறகு எங்கள் வாசலில். சாப்பாடு ஆறுகிறது என்று மருமகள் இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை அவளை நான் கூப்பிட விடவில்லை.