அவுஸ்திரேலியக் கவிதைகளில் சாத்திய கயிறு

அந்தப் புத்தகத்தின் நடுவில் எப்போதும் ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். நாங்கள் குடியேறிய ஆங்கிலேய ஊரான இல்ஃபோர்டில் நூலகமொன்றிலிருந்து நான் எடுத்து வந்த அவுஸ்திரேலியக் கவிதைத் தொகுப்பு அது. தலையணை அளவு தடிப்பு, முழுக்க ஆங்கிலம். என்னோடு இருந்த சின்னம்மாவுக்கு ஆங்கிலத்தில் பஸ்காரனுக்கு நன்றி சொல்லத் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் சுவாமித்தட்டில் தேவாரப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே அதை வைத்திருந்தார்.

ஊரில் யுத்தம் முடிந்த வருடம் அது. அவருடைய ஒரே மகன் இந்தோனேசியாவிலிருந்து போன் எடுத்து, "நாளைக்குப் படகு ஏறுறன் அம்மா. அவுஸ்திரேலியா போய்ச் சேர்ந்ததும் எடுக்கிறன்" என்றான். பிறகு எடுக்கவேயில்லை. படகு கரை சேர்ந்ததாகவும் தகவல் இல்லை, மூழ்கியதாகவும் தகவல் இல்லை. பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து வந்து, எத்தனையோ அலுவலகங்களுக்கு அவன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அப்படி ஒருவர் தங்களிடம் இல்லை என்பதுதான் எல்லோருடைய பதிலும். சின்னம்மா சாப்பாட்டை விட்டார். குளிக்கப் போனாலும் போன் கையோடு போகும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வழி தெரியாமல் நிற்கும்போது திருமுறையில் கயிறு சாத்திப் பார்ப்பது. கும்பிட்டு, மூடிய புத்தகத்துக்குள் கயிற்றை விட்டு, அது விழுந்த பக்கத்துப் பதிகத்தையே பதிலாக எடுத்துக்கொள்வோம். சின்னம்மா பல தடவை சாத்திப் பார்த்து அலுத்துப்போனார். "தேவாரம் பாடினவை அந்தக் கடலைக் கண்டவையோ? அந்த நாட்டுப் பாட்டுப் புத்தகம் ஒண்டு கொண்டு வா மோனை. அதுதான் சொல்லும்" என்றார். பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வேறு யார் எங்களுக்குப் பதில் சொன்னார்கள்? கொண்டு வந்து கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் அவர் கயிற்றை விடுவார், நான் அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லுவேன். நாலு பக்கமும் கடல் உள்ள நாடு, அதன் கவிஞர்களோ பெரும்பாலும் புழுதியைத்தான் பாடியிருந்தார்கள். வறண்ட ஆறு, செத்துக் கிடக்கும் ஆடுகள், மழை காணாத நிலம். சொல்லச் சொல்ல நான் குரலைத் தாழ்த்துவேன். சின்னம்மாவுக்கோ முகம் மலரும். "தண்ணியே இல்லையாம். அப்ப பிள்ளை கரையேறிட்டான்" என்று அன்று மட்டும் இரண்டு வாய் சோறு சாப்பிடுவார். வறட்சிக் கவிதை விழவேண்டும் என்று நானே பிள்ளையாரைக் கும்பிடத் தொடங்கியிருந்தேன்.

மார்கழியில் அவருடைய தம்பி, என் மாமா, மிச்சம் என்ற ஊரிலிருந்து வந்தார். "அக்கா, காரியத்தைச் செய்வம். இன்னும் எவ்வளவு காலம் பாக்கிறது? அவன்ரை ஆத்மா அலையக்கூடாது" என்றார். சின்னம்மா கத்துவார் என்று பயந்தேன். "சாத்திப் பாத்துச் செய்வம்" என்று மட்டும் சொன்னார்.

கயிறு விழுந்த பக்கத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். படகு கவிழ்ந்து கடலோடு போன மீனவப் பையனைப் பற்றி, கரையில் நிற்கும் அவனுடைய தாய் சொல்வதுபோல் ஒரு கவிதை.

"ஏன் பேசாமல் நிக்கிறாய்? உள்ளதைச் சொல்லு" என்றார் சின்னம்மா.

சொன்னேன். மாமா அழுதுவிட்டார். சின்னம்மா அழவில்லை. "ஆரின்ரை பிள்ளையோ, பாவம்" என்றார் கடைசியில். "இது எங்கடை பிள்ளை இல்லை. அந்தத் தாய்க்கு ஆர் இருக்கினமோ தெரியாது. அந்தப் பிள்ளைக்கு ஒரு மோட்ச அர்ச்சனை செய்துவிடுவம்." மாமா என்னைப் பார்த்தார். நான் கோயிலுக்குப் போன் எடுத்து அர்ச்சனைக்குச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் கயிறு சாத்தவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மகனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. ஒவ்வொரு மார்கழியும் சின்னம்மாவை ஈஸ்ட்ஹாம் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன், கவிதையில் செத்துப்போன அந்தப் பையனுக்காக. "பேர் தெரியாது ஐயா" என்பார். ஐயரும் பெயரில்லாமலே மந்திரம் சொல்லி முடிப்பார். இந்த வருடம் வந்திருந்தவர் புதிய ஐயர். பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை, நட்சத்திரத்தையாவது சொல்லுங்கோ என்றார்.

நான் குறுக்கிட்டு விளக்குவதற்குள் சின்னம்மா, "சதயம்" என்றார். அது அவருடைய மகனின் நட்சத்திரம்.