டீச்சர் கொடுத்த பதினோரு காசு

என் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தார். பையில் விழும் சில்லறையில் பழைய காசோ வெளிநாட்டுக் காசோ தட்டுப்பட்டால், பதிலுக்குத் தன் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் தேதி, தடம் எண், நிறுத்தம், கொடுத்தவர் யார் என்று எழுதி, காசோடு சேர்த்துச் சின்ன உறையில் போடுவார். இப்படி நானூற்றுச் சொச்சம் உறைகள். என்னைத் தொட விடமாட்டார். விரல் பட்டால் காசு கறுத்துவிடுமாம். காசை விளிம்பில் பிடிக்கிற அந்தப் பக்குவத்தோடு ஒரு நாளாவது என் கையைப் பிடித்திருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்.

போன வருஷம் அவருக்குக் கண் மங்கிவிட்டது. லென்ஸ் வைத்தும் காசில் எழுத்து தெரியவில்லை. வைத்துக்கொண்டு என்ன செய்ய, விற்றுவிடலாம் என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பழைய காசு வாங்கும் கடைக்காரர் தராசில் போட்டு எடைக்கு விலை சொன்னார். இவர் முகம் சுண்டிவிட்டது. ஏலக்காரர், நல்லதாக முப்பது எடுத்துக்கொள்கிறேன், மிச்சம் உங்களுக்கே என்றார். மூன்றாவதாக வந்தவர் டீச்சர்.

அந்த அம்மா இருபது வருஷம் இவர் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தாராம். ஓய்வு பெற்றபின் பழைய காசு சேர்க்கிறாராம். எல்லாவற்றையும் பிரிக்காமல் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் சீட்டு இல்லாத காசு மட்டும் வேண்டாம், அந்த மாதிரி கடையிலேயே கிடைக்கும் என்றார். சொல்லிக்கொண்டே ஒரு காசை விளிம்பில் பிடித்துத் தூக்கினார். இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை வருஷத்தில் என்னிடம் காட்டாத பல்லெல்லாம் தெரிந்தது. டீயை வைத்துவிட்டு வந்த எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

மறுநாள் அவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்தில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உறை உறையாகத் தேடினேன். ‘டீச்சர் கொடுத்தது’ என்று பதினோரு சீட்டுகள். அத்தனையையும் கிழித்து அடுப்பில் போட்டேன். பொறாமைதான், மழுப்ப ஒன்றுமில்லை. அந்தப் பதினோரு காசாவது அந்த அம்மா கைக்குப் போகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பணத்தோடு வந்தார். ஒவ்வொரு உறையாகப் பார்த்து, சீட்டில்லாத பதினொன்றை ஒதுக்கி வைத்தார். இவர் பதறவில்லை. ஒரு காசை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பேனா எடும்மா. கண்ணு தெரியாம எனக்கு எழுத முடியாது. நான் சொல்லச் சொல்ல நீ எழுது.”

பதினேழாம் நம்பர், தண்ணீர்த்தொட்டி நிறுத்தம், நல்ல மழை, டீச்சர் குடையை மடக்க முடியாமல் படியிலேயே நின்றார் என்றார். அடுத்த காசு, டீச்சரின் பரீட்சைத் தாள்கள் இருக்கைக்கடியில் சிதறிய நாள். அதற்கடுத்தது, தொண்டை கட்டிப்போய் டீச்சர் சைகையால் டிக்கெட் கேட்ட நாள். தேதி உட்பட ஒன்றும் தப்பவில்லை. எங்கள் கல்யாண நாளை நான்தான் வருஷா வருஷம் ஞாபகப்படுத்த வேண்டும்.

“எனக்கே இதெல்லாம் ஞாபகம் இல்ல சார்” என்று டீச்சர் சிரித்தார். பதினொன்றையும் நான் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். பேனா காகிதத்தில் ஓட்டை போடும் அளவுக்கு அழுத்தினேன்.

பெட்டியோடு டீச்சர் போனதும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“நானும் உங்க பஸ்ல எத்தனையோ தடவ வந்திருக்கேன். நான் கொடுத்த காசு ஒண்ணுகூடவா இல்ல?”

அவர் புரியாமல் பார்த்தார்.

“உங்கிட்ட நான் என்னிக்குக் காசு வாங்கினேன்? நீ ஏறினா உன் டிக்கெட்டுக்கு நான்தானே பையில காசு போடுவேன்.”

அது பெருமைதான், எனக்கும் தெரிகிறது. ஆனாலும் அன்றைக்கே தெரிந்திருந்தால், ஏறும்போதெல்லாம் சண்டை போட்டாவது காசைக் கொடுத்திருப்பேன்.