செவந்தி வாசலுக்கு வெளியே நின்ற நாள்

வல்லத்திராக்கோட்டைக்கு வாக்கப்பட்டு வந்த செவந்திக்கு வாய் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். களத்துமேட்டில் அவள் போடுகிற சத்தத்துக்குக் குருவிகூட இறங்காது. ஆனால் புருஷனுடைய அண்ணன் ஏகாம்பரம் வருகிறார் என்றால் அந்த வாய் தானாக மூடிக்கொள்ளும். மூத்தாருக்கு எதிரே நிற்கக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது. அந்த வீட்டு முறை அது. ஏகாம்பரமும் மரியாதை தெரிந்த மனுஷர். தம்பி வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே தொண்டையைச் செருமுவார். செருமல் கேட்டதும் செவந்தி கதவுக்குப் பின்னால் போய்விடுவாள்.

மாமியார் இருந்தவரை சேதியெல்லாம் மாமியார் வழியாகப் போனது. அந்தம்மாள் போன பிறகு மாடு வழியாகப் போனது.

"ஏ செவலை, மடை ஒடைஞ்சு தண்ணியெல்லாம் அங்கிட்டு ஓடுதே, யாரு கண்ணுக்கும் தெரியலையா?" என்று கொட்டிலில் நின்று கேட்பாள்.

"பாத்தாச்சுன்னு அந்த மாட்டுக்கிட்டச் சொல்லுங்கப்பா," என்பார் ஏகாம்பரம், வானத்தைப் பார்த்து.

சிரிக்காதீர்கள். இப்படியேதான் இரண்டு வீட்டு வெள்ளாமையும் குறையில்லாமல் நடந்தது.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம். சில வருஷம் கழித்து அவள் புருஷன் அழகுமலைக்குச் சித்தம் கலங்கியது. வந்தால் ஒரு மாசம் ஆளைப் பிடிக்க முடியாது. வேட்டி இடுப்பில் நிற்காது. ஊருணிக் கரையில் நின்று இல்லாத ஆளை ஏசுவான். பிறகு தணியும், வயலுக்குப் போவான், மறுபடி வரும். ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

வருவதற்கு முந்தின நாட்கள் எப்படி இருக்கும் என்று செவந்திக்கு மட்டும்தான் தெரியும். அப்போது அவன் தங்கமான மனுஷன். விடியுமுன் குளித்துவிடுவான். போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "சாப்பிட்டீங்களா?" என்பான். ஆனால் சோற்றில் யாரோ என்னமோ கலந்துவிட்டார்கள் என்று உள்ளுக்குள் பயம். தட்டைக் காலி பண்ணுவான், சோறு வயிற்றுக்குப் போகாது. பிடிபிடியாகத் துண்டின் முனையில் முடிந்து வைப்பான். படுத்துக் கண்ணை மூடிக்கொண்டே விடியும்வரை முழித்திருப்பான். துண்டைத் துவைக்கிறவள் அவள், பக்கத்தில் படுக்கிறவள் அவள். வேறு யாருக்குத் தெரியும்?

ஐம்பத்தெட்டில் ஏகாம்பரம் அவனை ரயிலேற்றிக் கொண்டுபோய் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தம்பி மேல் அவருக்கு உயிர். சில வாரம் கழித்து, "குணமாகி வருது, வந்து பாருங்க" என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள்விட்டுச் சொன்னார்கள். செவந்தியும் கூடப் போனாள்.

அழகுமலை முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தான். "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று அண்ணனைக் கேட்டான், பக்கத்துக் கட்டில்காரனைக் கேட்டான், கூட்டுகிற ஆளையும் கேட்டான். ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கேள்வி எதற்கு முன்னால் வரும் என்று செவந்திக்குத் தெரியும். அவன் தோளில் கிடந்த துண்டின் முனையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்த சோறு நறநறவென்று நெரிந்தது. அவள் தொட்டதை அவனும் பார்த்தான். சிரிப்பு மட்டும் மாறவில்லை.

அந்த வார்டில் ஆயா வேலை பார்த்த வேளாங்கண்ணி புதுக்கோட்டைச் சீமை ஆவூர்ப் பக்கத்துக்காரி. செவந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இவுகளுக்குக் குணமாகலை. வரப்போகுது. இன்னும் கொஞ்ச நாள் இங்கயே வச்சிருக்கச் சொல்லுங்கன்னு மூத்தவுககிட்டச் சொல்லுங்கக்கா."

"நான் எதுக்குடி ஆத்தா? ஒனக்கு வாய் இருக்குல்ல? கதவு தெறந்துதான இருக்கு, போய்ச் சொல்லு."

"எப்பிடிக்கா... அவுக எதிர்ல?"

"நல்லாருக்கே! புருஷன் ஒனக்கா அவருக்கா?" என்று சொல்லும்போதே வேளாங்கண்ணியை யாரோ கூப்பிட, அவள் போய்விட்டாள்.

டாக்டர் சின்ன வயசு. வெளியே கூட்டம் நெரிந்தது. "வீட்டு ஆம்பளை யாரு?" என்று கேட்டு அண்ணனையும் தம்பியையும் உள்ளே உட்கார வைத்தார். செவந்தி வாசலுக்கு வெளியே நின்றாள்.

"வார்டுல நல்லாச் சாப்பிடுறாரு, தூங்குறாருன்னு சொல்றாங்க. நீங்க பாத்த வரைக்கும் எப்படி இருக்காரு?"

"பழைய தம்பியாட்டம் இருக்கான் டாக்டரய்யா. இவன் எப்பவும் தங்கமான புள்ளை."

"அப்ப மாத்திரையோட கூட்டிட்டுப் போங்க."

செவந்தி ஒரு கால் உள்ளே வைத்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நிழலாடியதை ஏகாம்பரம் பார்த்தார். தம்பி பெண்டாட்டி ஆம்பளைகள் இருக்கிற இடத்தில் கூச்சப்படுகிறாளே என்று, அவளுக்கு மரியாதை கொடுப்பதாக நினைத்து, தொண்டையைச் செருமினார்.

அவ்வளவுதான். அவள் கால் அவளைக் கேட்காமலே பின்னால் போனது.

ஊர் வந்து சேர்ந்த வாரமே அழகுமலை காணாமல் போனான். புதுக்கோட்டைச் சந்தை, திருக்கோகர்ணம் கோயில் மண்டபம் எல்லாம் தேடியாயிற்று. அலைந்து அலைந்து ஓய்ந்துபோய் ஒருநாள் ஏகாம்பரம் செருமாமல் உள்ளே வந்து முற்றத்து மண்ணில் உட்கார்ந்தார். கதவை நோக்கி முதல் தடவையாக நேரே பேசினார்.

"தாயி, இது இப்படி வரும்னு ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியுங்க."

"ஏன்த்தா சொல்லலை?"

"யாருகிட்டச் சொல்றதுங்க? அங்க மாடு இல்லையே."

ஏகாம்பரம் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஆனாலும் அந்தச் சொல் அவரைக் கடைசி வரை விடவில்லை.

மாசக்கணக்கில் கழித்து மீமிசலிலிருந்து சேதி வந்தது. மீன்பிடிக்கிறவர்கள் ஒருவனுக்குக் கஞ்சி ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று. போய்ப் பார்த்தால் அழகுமலை. நடந்து நடந்து புண்ணாகி வலது பாதம் அழுகியிருந்தது. அதை எடுக்க வேண்டியதாயிற்று. மறுபடி அதே டாக்டரிடம் கூட்டிப் போனபோது ஏகாம்பரம் உட்காரவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அந்தப் புள்ளையைக் கேளுங்க," என்று சொல்லி வெளியே போய் நின்றுகொண்டார்.

செவந்தி ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "இதை நான் அன்னைக்கே ஒங்ககிட்டக் கேட்டிருக்கணும்மா," என்றார். நல்ல மனசுதான். போன கால் வருமா?

இந்தத் தடவை அவனை நெடுநாள் வைத்திருந்தார்கள். செவந்தி சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தான், ஓரளவு தேறினான். அதிகம் பேசமாட்டான். "நீ என்னடி செய்வ, முறை அப்பிடி," என்று அக்கம்பக்கம் அவளுக்கு ஆறுதல் சொல்லும். அவள் அதை ஏற்றுக்கொள்ள மாட்டாள். "முறையா அவுகளைக் கூட்டிட்டு வந்துச்சு? நானுந்தான கூட்டிட்டு வந்தேன்?" என்று எழுந்து போய்விடுவாள்.

அறுபத்திரண்டிலோ மூன்றிலோ, மாசி மாசத்து மத்தியானம். இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து விதைக்குக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். அழகுமலை தலை தூக்காமல் கேட்டான்.

"ஏ புள்ள, அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல?"

அவள் கை நின்றது.

"நான் சொல்லணும்னுதான் பாத்தேன். சிரிப்புத்தான் வந்துச்சு, பேச்சு வரலை. நீ சொல்லிருவ, என்னைய அங்கயே விட்டுட்டுப் போயிருவாகன்னு நம்பி வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"கால் வச்சேங்க," என்றாள் செவந்தி.

"ஆமா. பாத்தேன்."

அவன் ஒரு பிடிக் கடலையை அள்ளி அவள் பக்கம் தள்ளினான். பொழுது சாயும்வரை உரித்தார்கள்.