கேக்கில் ஒரு கரிப்பொட்டு

திண்டிவனத்தில் ரயிலேறி என் பக்கத்தில் உட்கார்ந்தார் துரை பங்களாச் சமையல்காரர் ஒருவர்; மடியில் மடி கொள்ளாத தகரப் பெட்டி. தூத்துக்குடியில் தங்கை மகளுக்குக் கல்யாணமாம். உள்ளே அவர் கையால் செய்த கேக். என்ஜின் கரி பெட்டிமேல் விழ விழ, துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார்.

விழுப்புரத்தில் வண்டி நின்றதும், கேக் உடைந்திருக்குமோ என்று மூடியைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று முழுசாக இருந்தது.

"ரொம்ப அழகா இருக்குதுங்க," என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. ஜன்னல் கட்டையில் படிந்திருந்த கரியை விரலால் தொட்டு, கேக்கின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

"இவ்ளோ நேரம் தொடச்சிக்கினு வந்தீங்களே?"

"கரி பட்டா சொரண்டிடலாங்க. கண்ணு பட்டா என்னா பண்றது?"

பெட்டியை என்னிடமிருந்து சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார். தூத்துக்குடி போவதற்குள் அது நொறுங்கியிருந்தால், அந்தக் குடும்பம் இன்றும் என் கண்ணைத்தான் திட்டிக்கொண்டிருக்கும்.